உங்களைக் கணக்கெடுத்து, உங்களுக்கான தனிக்களத்தைத் தேர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஏற்கெனவே ஏதோ ஒரு வேலையைக் காசு வாங்கிக்கொண்டு செய்துவருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலை நன்றாகத்தான் செய்கிறீர்கள், ஆனால் அதையே செய்ய இன்னும் நூறு பேர் இருக்கிறார்கள், விலையைக் குறைத்தால்தான் ஆர்டர் வருகிறது என்ற நிலையா? அப்படியானால் இது உங்களுக்கு. நிஷ் என்று பலரும் சொல்வதை இங்கே தனிக்களம் என்கிறேன். யாருக்கு என்ன சிக்கல் வந்தால் உங்கள் பெயர் முதலில் நினைவுக்கு வர வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

நான் கணக்கு எழுதும் தொழிலில் இருக்கிறேன். பல வருடம் எது வந்தாலும் செய்தேன். இப்போது குழம்பிப்போன பழைய கணக்குகளைச் சரிசெய்து தருவது மட்டும்தான் என் வேலை. இங்கே வந்து சேர்வதற்குள் இரண்டு தடவை தவறான களத்தில் இறங்கி வெளியே வந்தேன். அதன்பின், தெரிந்தவர்கள் சிலருடன் உட்கார்ந்து இதே பயிற்சியைச் செய்திருக்கிறேன். பெரும்பாலோர் தடுக்குவது ஒரே இடத்தில்தான். எந்தத் துறை சூடாக இருக்கிறது என்று பார்த்துக் களத்தை முடிவுசெய்துவிட்டு, அதற்கேற்பத் தங்களை வளைக்கப் பார்க்கிறார்கள். மூன்றே மாதத்தில் சலித்துப்போகிறது. முதலில் நீங்கள், பிறகு களம், கடைசியில்தான் பெயர்ப்பலகை. கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம்.

0. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த இரண்டு ஆண்டில் செய்த வேலைகளின் தடயங்கள் வேண்டும்: பில்கள், மின்னஞ்சல்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள், வங்கி வரவுகள். குறைந்தது 15 வேலைகளாவது இருக்கட்டும். அவ்வளவு இல்லையென்றால் இதை மூடி வைத்துவிட்டு, இன்னும் ஆறு மாதம் வருகிற வேலையைச் செய்யுங்கள். செய்து பார்க்காதவரிடம் ஆசைகள்தான் இருக்கும், சான்றுகள் இருக்காது. ஆசைகளை வைத்துக் களம் தேர்ந்தால் அது ஊகம்தான்.

அழைத்தால் பேசக்கூடிய பழைய வாடிக்கையாளர்கள் ஐந்து பேர் வேண்டும். அவர்களில் ஒருவராவது உங்கள் வேலையில் முழுத் திருப்தி அடையாதவராக இருக்க வேண்டும்.

இப்போதைய வருமானத்தை நிறுத்தாதீர்கள். கையில் காசு தீரத் தீர, கண்ணில் படும் முதல் களமே சரியான களமாகத் தெரியும். ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு மாலை ஒதுக்கினால் ஏழாம் படியின் வாசல்வரை வந்துவிடலாம்.

1. செய்த வேலைகளை ஒரு தாளில் இறக்குங்கள்

ஒரு வேலைக்கு ஒரு வரி. கட்டங்கள் இவை: யார் கேட்டார், என்ன கேட்டார், எப்படி உங்களிடம் வந்தார், எத்தனை நாளில் முடிப்பதாகச் சொன்னீர்கள், எத்தனை நாளில் முடித்தீர்கள், உண்மையில் எத்தனை மணி நேரம் போனது, எவ்வளவு கிடைத்தது, பணம் கேட்காமலே வந்ததா, முடித்தபின் உங்களுக்கு எப்படி இருந்தது.

எண்களை முதலில் நிரப்புங்கள். உணர்வுக் கட்டத்தைக் கடைசியில் நிரப்புங்கள். "இந்த வேலை எனக்குப் பிடித்தது" என்று முதலிலேயே எழுதிவிட்டால், அதற்குப் போன மணி நேரத்தைக் கை தானாகக் குறைத்து எழுதும். நானே அப்படி எழுதியிருக்கிறேன்.

மணி நேரத்தில் எல்லாம் சேர வேண்டும்: தொலைபேசிப் பேச்சு, அலைச்சல், திருத்தங்கள், பணத்துக்காக நினைவூட்டியது. பலர் வேலை செய்த நேரத்தை மட்டும் எழுதுகிறார்கள். அதனால்தான் அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் எப்போதும் நல்ல வாடிக்கையாளராகவே தெரிகிறார். எல்லாவற்றையும் சேர்த்து, வந்த தொகையை மணி நேரத்தால் வகுத்தால் அதே ஆள் பட்டியலின் அடியில் போய் உட்காருவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

என் தாளில் 31 வரிகள் இருந்தன. அவற்றில் ஒன்பது, மாதாமாதம் கணக்கு எழுதும் வேலை. அதுதான் என் பலம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பதில் ஏழு வேலைகளைச் சொன்ன நாளில் முடிக்கவில்லை. நான்கு வரிகள், யாரோ குழப்பிவிட்டுப் போன கணக்கை நேராக்கியவை. நான்கையும் சொன்ன நாளுக்கு முன்பே முடித்திருந்தேன், நான்கிலும் பணம் கேட்காமலே வந்திருந்தது. அவற்றை நான் வேலையாகவே மதித்ததில்லை. இடையில் வந்த தொல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

2. திரும்பத் திரும்ப வருவதைக் குறியுங்கள்

தாளை இரண்டு நாள் தள்ளி வைத்துவிட்டு எடுங்கள். எழுதிய அன்றே பார்த்தால் ஏற்கெனவே நம்பியதுதான் கண்ணில் படும்.

மூன்று நிறப் பேனா போதும். ஒரு மணி நேரத்துக்கு அதிகம் கிடைத்த கால்பங்கு வேலைகளுக்கு ஒரு நிறம். சொன்ன நாளிலோ அதற்கு முன்போ முடித்தவற்றுக்கு ஒன்று. வேறொருவர் சொல்லி அனுப்பி வந்தவற்றுக்கு ஒன்று. மூன்று நிறமும் விழுந்த வரிகளைத் தனியாக எழுதுங்கள். அவற்றுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது? வேலையின் வகையாக இருக்கலாம், கேட்டவரின் வகையாக இருக்கலாம், அவர் எந்த நெருக்கடியில் வந்தார் என்பதாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் பார்க்கத் தவறுகிறார்கள்.

அடுத்து, நிறம் விழாத வரிகளைப் பாருங்கள். தன்னை அறிவது என்றால் திறமைகளைப் பட்டியலிடுவது என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் திறமையைவிடச் சுபாவம்தான் களத்தைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு வேலையிலும் எந்தக் கட்டத்தில் சுணங்கினீர்கள் என்று குறியுங்கள்: தொடக்கத்திலா, நடுவிலா, முடிக்கும்போதா?

வடிவமைப்பாளர் ஒருவருடன் இதைச் செய்தபோது, தாமதமான வேலைகள் எல்லாமே கடைசிக் கோப்புகளைத் தயாரிக்கும் கட்டத்தில் நின்றிருந்தது தெரிந்தது. முதல் வரைவுகளை அவர் மளமளவென்று போட்டுவிடுவார். ஒழுக்கத்தை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவரே தன்னைத் திட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பதிலாக, முதல் வரைவு மட்டும் தேவைப்படுபவர்கள் யார் என்று தேடினோம். சொந்தமாக வடிவமைப்புக் குழு வைத்திருந்தும் புது யோசனை கிடைக்காமல் திணறும் நிறுவனங்கள் இருந்தன. சுபாவத்தைத் திருத்துவதற்குப் பத்து வருடம் ஆகும், அதற்கேற்ற இடத்தைத் தேட ஒரு மாதம் போதும்.

இன்னும் இரண்டு கேள்விகளும் உதவும். ஒரே வேலையைத் திரும்பச் செய்யும்போது கை வேகமாகிறதா, மனம் அலுத்துக்கொள்கிறதா? ஆட்களோடு பேசிய நாளின் முடிவில் தெம்பாக இருக்கிறீர்களா, தொய்ந்துபோகிறீர்களா?

3. வெளியில் கேளுங்கள், ஆனால் "என் பலம் என்ன?" என்று கேட்காதீர்கள்

உங்கள் தாள் உங்கள் கையெழுத்து. அதை மட்டும் நம்ப முடியாது. உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகரும் டேவிட் டன்னிங்கும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், வைத்த தேர்வுகளில் கடைசிக் கால்பங்கில் இருந்தவர்கள் உண்மையில் 100 பேரில் 12 பேரை முந்தும் நிலையில் இருந்தார்கள். தாங்கள் 62 பேரை முந்துவதாக நினைத்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்களோ தங்கள் இடத்தைக் குறைத்து மதிப்பிட்டார்கள். இந்த இரண்டாவது பாதிதான் நமக்கு முக்கியம். சுலபமாக வருவதை நாம் எல்லோருக்கும் வருவதாக எடுத்துக்கொண்டு, அதற்கு விலை வைக்க மறந்துவிடுகிறோம்.

பலம் என்ன என்று கேட்டால் பாராட்டுதான் வரும்: "நேர்மையானவர், நன்றாகச் செய்வார்." அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நடந்ததைக் கேளுங்கள். நான் கேட்கும் நான்கு கேள்விகள் இவை:

"என்னிடம் வருவதற்கு முன் வேறு என்ன செய்து பார்த்தீர்கள்?"

"என்னைப் பற்றி யாரிடமாவது சொல்லியிருந்தால், என்னவென்று சொன்னீர்கள்?"

"வேலை நடந்தபோது எங்கே எரிச்சல் வந்தது?"

"எந்த வேலைக்கு என்னைக் கூப்பிட மாட்டீர்கள்?"

நேரிலோ தொலைபேசியிலோ கேளுங்கள். படிவம் அனுப்பினால் மரியாதைக்கு நிரப்புவார்கள். கேட்டபின் பேசாமல் இருங்கள். புதியவர்கள் இங்கே விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள், எதிராளி உடனே அடக்கிப் பேசத் தொடங்குகிறார். அவர்கள் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். உங்கள் தொழில் மொழிக்கு மாற்றாதீர்கள். எட்டாம் படியில் அந்தச் சொற்களே உதவும்.

நான்காவது கேள்விக்கு ஒருவர் எனக்குச் சொன்ன பதில்: "தினமும் செய்யவேண்டிய எதற்கும் உங்களைக் கூப்பிட மாட்டேன். தலைக்கு மேல் போனபின் கூப்பிடுவேன்." ஒரு வாரம் கோபத்தில் இருந்தேன். பிறகு தாளை எடுத்துப் பார்த்தேன். அதுவும் அதையேதான் சொன்னது.

4. செய்யமாட்டாதவற்றை எழுதுங்கள்

அரைப் பக்கம் போதும். பணம் நல்லதாக இருந்தாலும் இனி எடுக்கப்போவதில்லை என்ற வேலைகள், ஆட்கள், நிபந்தனைகள். களத்தைத் தேர்வதற்கு முன்பே இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு: களம் மனதுக்குப் பிடித்துப்போனபின் இந்தப் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

5. மூன்று களங்களை வரையுங்கள்

ஒரே களத்தோடு வருபவர்கள் அதைக் காதலிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மூன்று இருந்தால் ஒப்பிட முடியும்.

களத்தைக் குறுக்க மூன்று வெட்டுகள் இருக்கின்றன. யாருக்கு என்ற வெட்டு. எந்தச் சிக்கலுக்கு என்ற வெட்டு. எந்தத் தருணத்தில் என்ற வெட்டு. ஒரு வெட்டு மட்டும் போட்டால் இன்னும் அகலமாகவே இருக்கும். "சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு" என்பது அப்படிப்பட்டது, அதில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். இரண்டு வெட்டுப் போட்டால் உருவம் தெரியும்: "கணக்காளர் திடீரென்று விலகிப்போன நிறுவனங்களில், தேங்கிய கணக்கை நேராக்குவது." மூன்றையும் ஒரேயடியாகப் போட்டால் பெரும்பாலும் ஆளே இருக்க மாட்டார்கள். இரண்டில் தொடங்குங்கள்.

கருவியை வைத்தோ முறையை வைத்தோ களத்தை வரையாதீர்கள். "இன்ன மென்பொருளில் வல்லவர்" என்பது உங்கள் பக்கத்துச் செய்தி. வாடிக்கையாளர் தன் தலைவலியோடு வருகிறார், கருவியின் பெயர் அவருக்குத் தெரியாமலே இருக்கலாம்.

ஒவ்வொரு களத்துக்கும் பக்கத்தில், அது உங்கள் தாளின் எந்த வரிகளிலிருந்து வந்தது என்று எழுதுங்கள். ஒரு வரியும் இல்லாத களத்தை அடித்துவிடுங்கள். என் முதல் தவறு இதுதான். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு ஆலோசனை சொல்வதைக் களமாக எடுத்தேன். 31 வரிகளில் அவர்கள் ஒருவர்கூட இல்லை.

களமும் உங்கள் பலமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமேசான் 1995இல் விற்பனையைத் தொடங்கியபோது புத்தகம் மட்டும்தான் விற்றது. விற்பனையில் இருக்கும் புத்தகத் தலைப்புகள் லட்சக்கணக்கானவை. எந்தக் கடையும் அத்தனையையும் அடுக்கி வைக்க முடியாது. இணையத்தில் பட்டியலிட முடியும். தன்னால் மட்டும் முடிவதற்குத் தேவை எங்கே இருக்கிறதோ அங்கே நின்றார்கள். இசைத்தட்டுகளுக்கு 1998இல்தான் போனார்கள். சிறு களத்தில் தொடங்கினால் அங்கேயே அடைபட்டுவிடுவோம் என்று பயப்படுபவர்களுக்கு 1995, 1998 என்ற இந்த இரண்டு தேதிகளைத்தான் காட்டுவேன்.

6. எண்ணிப் பாருங்கள்

"இவ்வளவு குறுக்கினால் பிழைக்க முடியுமா?" என்ற பயம் எல்லோருக்கும் வரும். அதைக் கணக்கால்தான் தீர்க்க வேண்டும்.

என் வேலையையே எடுத்துக்கொள்வோம். ஒரு வேலைக்கு இரண்டு வாரம். இடைவெளிகள் போக ஆண்டுக்கு 20 வேலைதான் செய்ய முடியும். பேசுபவர்களில் ஐந்தில் ஒருவர் வேலை தருவதாக வைத்தால் 100 பேருடன் பேச வேண்டும். இந்தச் சிக்கல் ஒரு நிறுவனத்துக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவதாக வைத்தால், நான் எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்தில் 400 நிறுவனங்கள் இருந்தால் போதும். இதைப் போட்டுப் பார்க்கும்வரை பல்லாயிரம் தேவை என்று நினைத்திருந்தேன்.

இதே கணக்கு எதிர்ப்பக்கமும் காட்டும். சிறு விலைப் பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 2,000 விற்பனை தேவை என்றால், மற்ற எண்கள் அதேபடி இருக்க, 40,000 பேர் வேண்டும். அவர் என் அளவுக்குக் குறுக்கக் கூடாது. எனவே "எவ்வளவு குறுக்கலாம்?" என்ற கேள்விக்குப் பொதுப் பதில் கிடையாது. ஒரு விற்பனையில் உங்களுக்கு என்ன மிஞ்சுகிறது, ஒரு ஆண்டில் எத்தனை செய்ய முடியும் என்பதுதான் பதிலைத் தரும்.

அப்புறம், இரண்டு சின்னச் சோதனைகள். அந்தக் களத்தில் உள்ள 30 பேரை அல்லது நிறுவனங்களைப் பெயரோடு எழுத முடிகிறதா? முடியவில்லை என்றால் அவர்கள் இருந்தாலும் உங்களால் எட்ட முடியாது. அந்தச் சிக்கலுக்காக அவர்கள் இப்போது எதற்காவது பணமோ நேரமோ செலவழிக்கிறார்களா? போட்டியே இல்லாத களத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக யாராவது துள்ளினால் நான் முதலில் இதைத்தான் கேட்பேன். பல நேரம் அங்கே போட்டி இல்லாததற்குக் காரணம், யாரும் பணம் தராததுதான்.

7. பெயர்ப்பலகையை மாற்றாமல் சோதியுங்கள்

எஞ்சிய களங்களில் ஒன்றை எடுங்கள். இணையதளம், லோகோ, விசிட்டிங் கார்டு எதையும் தொடாதீர்கள். அவற்றுக்குச் செலவழித்தபின், களம் தவறு என்று தெரிந்தாலும் விட மனம் வராது. என் இரண்டாவது தவறான களத்தில் எட்டு மாதம் ஒட்டிக்கொண்டிருந்ததற்கு, அழகாக அச்சடித்த ஒரு பெட்டி அட்டைகள்தான் காரணம்.

பத்துப் பேருடன் பேசுங்கள், மூன்று வேலையைக் காசு வாங்கிச் செய்யுங்கள். இலவசமாகச் செய்து சோதிக்க வேண்டாம். "நல்ல யோசனை" என்று சொல்ல யாருக்கும் செலவில்லை, பணம் எடுத்து வைக்கும்போதுதான் உண்மை தெரியும்.

தொடங்குவதற்கு முன் மூன்று வரி எழுதி உறையில் போட்டு வையுங்கள்: என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன், எத்தனை நாளில், என்ன நடந்தால் விட்டுவிடுவேன். மேலாண்மை பற்றி எழுதிய பீட்டர் டிரக்கர் பரிந்துரைத்த பழக்கம் இது. முக்கியமான முடிவு எடுக்கும்போது எதிர்பார்ப்பை எழுதி வைத்து, 9 அல்லது 12 மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிடச் சொன்னார். எழுதி வைக்காவிட்டால், எது நடந்தாலும் அதைத்தான் எதிர்பார்த்தோம் என்று மனம் சாதிக்கும். மூன்றாவது வரி மிக முக்கியம். பத்துப் பேரில் ஒருவர்கூட விலை என்ன என்று கேட்கவில்லை என்றால் அடுத்த களத்துக்குப் போய்விட வேண்டும் என்பது என் அளவுகோல்.

8. அடுத்தவர் வாயில் நிற்கும் ஒரு வாக்கியம்

சோதனை தேறினால் மட்டும் இந்தப் படி.

1990இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை செய்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் தட்ட, மற்றவர் அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். 120 பாட்டில் 3தான் பிடிபட்டன. தட்டியவர்களோ பாதியாவது பிடிபடும் என்று நினைத்திருந்தார்கள். அவர்கள் தலைக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கேட்டவருக்குக் காதில் விழுந்தது டொக் டொக் மட்டும்.

உங்கள் அறிமுக வாக்கியமும் அப்படித்தான். "முழுமையான நிதித் தீர்வுகள்" என்று நான் எழுதியிருந்தபோது எனக்குள் ஒரு பாட்டு ஓடியது. மூன்றாம் படியில் வாடிக்கையாளர்கள் சொன்ன சொற்களை எடுத்து எழுதினேன்: "கணக்கு தலைக்கு மேல் போய்விட்டதா? பழையதை நேராக்கிக் கையில் தருகிறேன்."

உங்கள் தொழிலில் இல்லாத ஒருவரிடம் வாக்கியத்தை ஒரு தடவை சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து, நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேளுங்கள். நீங்கள் தீர்க்கும் சிக்கல் அவர் வாயில் வந்ததென்றால் சரி. உங்கள் பட்டமோ கருவியோ வந்தால் திரும்ப எழுதுங்கள். எனக்கு ஆறு தடவை ஆனது.

9. பழைய வேலையை எந்த வரிசையில் விடுவது

ஒரே நாளில் எல்லாவற்றையும் விடாதீர்கள். தாளில் ஒரு மணி நேரத்துக்கு மிகக் குறைவாகக் கிடைத்த வேலையை முதலில் விடுங்கள். அதில் போகும் நேரத்தைப் புதுக் களத்துக்குக் கொடுங்கள். புதுக் களத்தின் வருமானம் அடுத்த வேலையின் இடத்தை நிரப்பியபின் அதை விடுங்கள். எனக்கு முழுதாக மாற 14 மாதம் ஆனது.

வெளியே சொல்வது வேறு, உள்ளே செய்வது வேறு என்பதையும் கவனியுங்கள். பழைய வேலை தொடரலாம், ஆனால் அதை விளம்பரம் செய்யாதீர்கள். தலைப்பில் தனிக்களத்தை எழுதிவிட்டு, கீழே பன்னிரண்டு சேவைகளை வரிசையாகப் போடுவதை நிறையப் பேரிடம் பார்க்கிறேன். படிப்பவர் பன்னிரண்டையும்தான் பார்ப்பார்.

விடும் வேலைகளை நன்றாகச் செய்யும் வேறொருவருக்கு அனுப்பிவிடுங்கள். மாதாந்தரக் கணக்குகளை நான் அனுப்பிய இரண்டு பேர்தான் இன்று குழம்பிய கணக்குகளை எனக்கு அனுப்புகிறார்கள்.

10. ஒன்பது மாதம் கழித்து உறையைப் பிரியுங்கள்

எழுதி வைத்த மூன்று வரியோடு, முதல் படியின் அதே கட்டங்களில் புதிய தாள் ஒன்றையும் நிரப்புங்கள். வருமானத்தை மட்டும் பார்க்காதீர்கள். முதல் ஆண்டில் அது ஏறி இறங்கும். "எப்படி உங்களிடம் வந்தார்" என்ற கட்டத்தைப் பாருங்கள். நீங்கள் தேடிப்போகாமல், யாரோ உங்கள் வாக்கியத்தைச் சொல்லி அனுப்பி வந்தவர்கள் அதில் இருந்தால் களம் பிடித்துவிட்டது. ஒருவரும் இல்லாமல், எல்லாமே நீங்கள் துரத்திப் பிடித்தவை என்றால், பெரும்பாலும் வாக்கியத்தில்தான் கோளாறு. எட்டாம் படிக்குத் திரும்புங்கள். ஆட்கள் வருகிறார்கள், ஆனால் சொன்ன நாளில் முடிக்க முடியவில்லை என்றால் களம் உங்கள் சுபாவத்துக்குப் பொருந்தவில்லை. அப்போது புதிய தாளையும் பழைய தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இந்தத் தடவை நிறம் தீட்ட வரிகள் கூடுதலாக இருக்கும்.